இல்லாத சுவருக்கு ஒரு வாசல்

இவ்வுலகில் பிடிவாதக்காரர்கள் எத்தனையோ பேர் பிறந்திருக்கலாம். இல்லாத சுவரில் மோதாமல் நடக்கும்படி ஓர் ஊரையே ஆட்டிவைத்தவர் எங்கள் சுண்ணாம்பு ஓவர்சியர் ஒருவரே. அவருடைய இயற்பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே உயிர் வாழ்ந்தது.

எழுபதுகளின் இறுதியில், மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் நான் நிர்வாக அலுவலராக இருந்தேன். கட்டட அனுமதி கேட்டு வரைபடம் வந்தால், பிற ஊர் மேற்பார்வையாளர்கள் அதை மேசைமேல் விரிப்பார்கள். இவரோ மண்மேல் விரிப்பார். தாளில் உள்ள கட்டடத்தை முழு அளவில் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடிழுத்து, உரியவரை அதற்குள் நடமாடவிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவார்.

"தாள்ல எல்லா ஊடும் நல்லாத்தானுங்க இருக்கும். குடியிருந்து பாத்தாத்தானுங்க தெரியும்" என்பார்.

ஒருமுறை கோட்டுச் சமையலறையில் புகை எப்பக்கம் போகிறது என்றறிய, ஓர் அம்மையாரை அடுப்பே மூட்டச் செய்தார். அடுத்த வயலின் வைக்கோற்போர் தப்பியது அவ்வம்மையாரின் குலதெய்வத்தின் கருணை. விளக்கம் எழுதி மாண்டவன் நான்.

அப்படிப்பட்டவரிடம்தான் பங்களா ஓட்டல் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் தோப்பு நடுவே கட்டிய மாளிகை அது. தேக்கு விட்டங்களும் அகன்ற கூடமும் உடையது. பிற்காலத்தில் பயணிகள் தங்கும் விடுதியாயிற்று. அதை இடித்துவிட்டுத் திருமண மண்டபத்தோடு கூடிய புது விடுதி எழுப்ப இசைவு கேட்டார் உரிமையாளரான கவுண்டர். சேலத்துப் பொறியாளர் வரைந்த படம், பங்குனியில் விண்ணப்பம், தை மாதம் மகன் திருமணம்.

"என்ர கல்யாணம் அடுத்தவன் களத்துப் பந்தல்ல நடந்துச்சுங்க. தாலி கட்டற நேரத்துல மழை ஊத்தி, வந்த சனம் பாதி எலையத் தலையில கவுத்துக்கிட்டு ஓடுச்சுங்க. என்ர பையன் கல்யாணமாச்சும் எங்க கூரைக்குக் கீழ நடக்கோணுங்க" என்றார் கவுண்டர்.

அந்தப் பழைய மாளிகையை இடிக்க இசைவதா என்று என் மனம் தயங்கியது. ஆயினும், கூரை ஒழுகவில்லை என்பதைத் தவிர அதற்காக வாதாட விதிகளில் ஒரு வரியும் கிடைக்கவில்லை. ஓவர்சியரின் அறிக்கை வந்தால் கையொப்பமிட்டுவிடலாம். அது வந்தால்தானே!

பங்களாவை ஒட்டிய வெற்று நிலத்தில் அவர் இழுத்த முதல் மண்டபத்தைக் காற்று கொண்டுபோயிற்று. இரண்டாவதை வெள்ளாட்டு மந்தை கலைத்தது. மூன்றாவதில் ஒரு கதவு சாண் அளவு தள்ளிவிட்டதென்று அவரே முழுவதையும் அழித்தார். நான் அனுப்பிய நினைவூட்டுக் கடிதம், பின்பக்கத்தில் சமையலறை வரையப்பட்டுத் திரும்பி வந்தது.

சித்திரையில் ஒரு பிற்பகல், நான்காம் மண்டபம் ஆயத்தமாயிற்று. கவுண்டர் தம் மகன், மகள், உறவினர் இருபது பேரோடு வந்தார். நான் சினத்தோடு கோடுகளை மிதித்து நேரே நடந்தேன்.

"ஏனுங்க சார், செவுத்துல பூந்து வாரீங்களே! வாசல் அங்கெ இருக்குதுங்க" என்று மறித்தார் ஓவர்சியர்.

"யோவ், இது சுண்ணாம்பு!"

"இன்னைக்குச் சுண்ணாம்புங்க. நாளைக்குச் செங்கல்லு. மூக்குத்தானுங்க ஒடையும்."

அரசின் பிரதிநிதியாகிய நான் சுற்றிக்கொண்டு வாசல் வழியே நுழைந்தேன். கூட்டம் சிரித்தது.

"கல்யாணத்துல எது பெருசுங்க?" என்று ஓவர்சியர் கவுண்டரைக் கேட்டார்.

"இணைச்சீருங்க. அதில்லாம எங்கள்ல கல்யாணமேது?"

"அப்ப அதச் செஞ்சு பாத்துருவமுங்க."

மணமகனோடு அவன் தங்கை சேலை முனையைப் பிடித்து நிற்க, சுற்றத்தார் சூழ்ந்து நிற்கும் சடங்கு அது. கோட்டு மேடையில் அனைவரும் ஏறினர். ஓவர்சியர் சுற்றி வந்து நோக்கினார்.

"அம்மிணி, உன்ர முழங்கை பக்கத்து ரூமுல இருக்குது. அங்க தங்க வந்த லாரிக்காரரு எந்திரிச்சுக்குவாரு. மாமா, நீங்க ரெண்டு பேரும் சாக்கடைக்குள்ள நிக்கறீங்க."

"சேலத்து இஞ்சினீரு போட்டதுய்யா!" என்று கவுண்டர் கத்தினார்.

"அவரு ஊட்டுல இணைச்சீர் இல்லீங்களாட்ட இருக்குது."

அந்நேரம் பார்த்துக் கோடைமழை கொட்டியது. எல்லாரும் சுவர்களை மிதித்துக்கொண்டு பங்களாக் கூடத்துக்குள் ஓடினோம். ஓவர்சியர் மட்டும், கோடுகள் கரைந்தோடிக்கொண்டிருக்க, வாசல் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு தொப்பலாகக் கடைசியில் வந்தார்.

சேலை முனையை விடாமல் அண்ணனும் தங்கையும் கூடத்தின் நடுவே நின்றார்கள். சுற்றி இருபது பேர். இன்னும் நூறு பேர் நிற்க இடமிருந்தது. கவுண்டர் கூரையை அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஓவர்சியரே, இந்தக் கூடத்தக் கொஞ்சம் அளந்து சொல்லுங்க."

"அளக்கறதுக்கு என்னங்க இருக்குது? உள்ள வந்தப்பறம் ஒருத்தரு முழங்கையும் நனையலீங்களே."

மறுவாரம் புதிய படம் வந்தது. கூடம் அப்படியே மண்டபமாக நிற்க, பின்புறம் மட்டும் புதிய அறைகள். நான் பேனாவை எடுத்தேன்.

"பொறுங்க சார்," என்று தடுத்தார் ஓவர்சியர், "அந்த ரூமுகள இன்னும் கோடு போட்டுப் பாக்கலீங்க."

பேனாவை எறிந்துவிட்டேன். ஆயினும் தை மாதம் திருமணம் அந்தக் கூடத்தில்தான் நடந்தது.

அண்மையில் எங்கள் தெருவில் சாக்கடை வெட்ட வெண்கோடு இழுத்திருந்தார்கள். எல்லாரும் அதை மிதித்துச் சென்றார்கள். நான் மட்டும் கைத்தடியை ஊன்றி அதன் ஓரமாகவே நடந்து, வாசல் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.