மோடத்துக்கு உயிர் கீது

“மோடம் எதுவும் காணப்படவில்லை” என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னது. தண்டபாணி அதை நம்ப மறுத்தார்.

“பொய் சொல்து. அலமாரி மேல பச்ச லைட்டு எரியுது பாரு. உயிர் கீது. டிரைவர்தான் பூட்ச்சு.”

அவருக்குக் கீழே வேலை பார்க்கும் நர்மதா நிமிர்ந்து பார்த்தாள். அலமாரி மேல் தூசி படிந்த ஒரு பெட்டி, அதில் சின்னதாய் ஒரு பச்சை விளக்கு. அதிலிருந்து கிளம்பிய ஒயர், மேசைக்குப் பின்னால் இடியாப்பமாகக் கிடந்த மற்ற ஒயர்களுக்குள் புகுந்து காணாமல் போயிருந்தது.

“அப்ப கம்ப்யூட்டர் ஏன் சார் இல்லன்னுது?”

“விண்டோஸ் தொண்ணூத்தெட்டும்மா. வயசாயிடுச்சு. அது சொல்றதையெல்லாம் கேட்டுக்கினு இருந்தா வேலைக்கு ஆவாது.”

வயது தண்டபாணிக்கும் ஆகிவிட்டது. இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. ராயபுரத்தில், கப்பல்களுக்குக் கயிறும் பெயிண்டும் வெங்காயமும் சப்ளை செய்யும் சௌக்கத் அலியின் கடையில் அவர்தான் மேனேஜர். ‘அந்தப் பழைய கம்ப்யூட்டர் என் கையைத் தவிர வேறு கைக்கு அடங்காது’ என்ற ஒரே பொய்யை முதலாக வைத்து இருபது வருடம் ஓட்டியவர். அதையே வைத்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டப் பார்த்தார்.

முதலாளியும் ஒரு வழி விட்டிருந்தார். பல வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத சிங்கப்பூர்க் கப்பல் கம்பெனி ஒன்று விலை கேட்டிருந்தது. ஃபாக்ஸில்தான் வேண்டுமாம், மாலை ஐந்து மணிக்குள். கம்ப்யூட்டரிலிருந்து ஃபாக்ஸ் போக வேண்டுமென்றால் மோடம் வழியாக டெலிபோன் லைன் கிடைக்க வேண்டும்.

“கம்ப்யூட்டர்லருந்து அனுப்பிக் காட்டு நைனா. ரெண்டு வருஷம் தாராளமா இரு,” என்றிருந்தார் சௌக்கத் அலி.

“சார், கல்மண்டபத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில ஃபாக்ஸ் கீது. ஓடிப்போய் அனுப்பிட்டு வந்துடட்டா?” என்றாள் நர்மதா.

“ஜெராக்ஸ் கடைக்காரன் என் வேலைய செஞ்சா எனக்கு இன்னாத்துக்கும்மா இந்த நாற்காலி?”

நியாயமான கேள்வி. கடையில் எல்லோரும் அதைத்தான் தங்களுக்குள் வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இழுப்பறையில் மிக்சர் தூளோடு கிடந்த ஒரு சிடியை எடுத்துச் சட்டையில் துடைத்து உள்ளே தள்ளினார். அது எதற்கான டிரைவர் என்று அதன்மேலேயே எழுதியிருந்தது. படித்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது.

“மவுஸ் செத்துப்போச்சு சார்.”

“சாவல. மோடமும் மவுஸும் ஒரே போர்ட்டுக்கு அடிச்சிக்குதுங்க. அப்டின்னா இன்னா அர்த்தம்? மோடம் உள்ள வந்துடுச்சு!”

சண்டையை விலக்கிவிடுவதாக நினைத்து, கீபோர்டில் குத்துமதிப்பாகப் போர்ட்டை மாற்றினார். மவுஸ் பிழைத்துக்கொண்டது. பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டு, தாள் தாளாகச் சிரிக்கும் முகங்களை அடித்துத் தள்ளியது. அந்தக் கடையில் தண்டபாணியின் முகத்துக்கு நேராகச் சிரித்த முதல் ஆள் அதுதான்.

பிரிண்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொரு டிரைவரை ஏற்றினார். திரை நீலமாகி நின்றது. தட்டி எழுப்பியபோது விலைப்பட்டியலில் ஓர் எழுத்து மிச்சமில்லை.

“சார், எல்லாம் கட்டம் கட்டமா வருது!”

“லைன் கெடச்சா தானா தெளிஞ்சுடும்.”

“என் லேப்டாப்புல ஒரு காப்பி கீது சார்.”

“மொதல்ல அத்த மூடி வை.”

சௌக்கத் அலி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். “இன்னா நைனா, போச்சா?”

“கடைசி வைத்தியம் பாய். மொத்தமா கரண்ட்ட நிறுத்திட்டுப் போட்டா மோடம் முழிச்சுக்கும்.”

சுவரில் இருந்த சுவிட்சுகளையெல்லாம் அணைத்தார். ஃபேன் நின்றது, முதலாளிக்கு வேர்த்தது. பிறகு எல்லாவற்றையும் போட்டார். முன்பு எரிந்தது எது, அணைந்திருந்தது எது என்ற பேதமெல்லாம் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் நிதானமாக எழுந்து உட்கார்ந்து, மோடம் எதுவும் காணப்படவில்லை என்றது.

தண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. விடிந்தால் போக இடமில்லாமல் வீட்டில் குந்தியிருக்கும் தன்னை நினைத்து நிஜமாகவே பயந்தார். டயல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். பார்க்கிறவர்களுக்குப் பரிதாபம் வரலாம். அவரோடு ஒரு நாளாவது வேலை பார்த்தவர்களுக்கு வராது.

“இன்னும் பத்து நிமிஷம்தான் கீது,” என்றார் சௌக்கத் அலி.

அப்போது அலமாரி மேலிருந்த பெட்டியில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. கீ...ங், கீ...ங் என்று தெருமுனை வரைக்கும் கேட்கும்படி அது அலறத் தொடங்கியது.

தண்டபாணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குதித்தார். “கத்துது பாய்! லைன் கெடச்சுடுச்சு! அந்தக் காலத்துல மோடம் இப்டித்தான் கத்தும்!”

சௌக்கத் அலி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “ரெண்டு வருஷம் இன்னா நைனா, மூணு வருஷம் இரு! பாத்தியாம்மா நர்மதா, அனுபவம்னா இதான்!”

“ஜெராக்ஸ் கடைக்குப் போறேன்னாளே பாய்!” என்று தண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு மிஷினோட பாஷை எங்க புரியுது?”

பெட்டி அலறிக்கொண்டே இருந்தது. மாடியில் குடியிருக்கும் கட்டடச் சொந்தக்காரம்மா அஜீசுன்னிசா, நனைந்த புடவையைத் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கி வந்து வாசலில் நின்றார்.

“எங்க மோட்டார் சுவிட்ச எவன்யா போட்டது? டேங்க் ரொம்புனா கத்தட்டும்னு அந்தப் பொட்டிய ஒங்க அலமாரி மேல வெச்சா, அது கத்தக் கத்த கட்டிப்புடிச்சிக்கினு கீறீங்களே!”