பீலியில தண்ணி வருதா?

"இன்னையிலேருந்து இந்த வீட்டுல தேத்தண்ணி கிடையாது!"

சொன்னது நான்தாங்க, சுதாகரன். டயகமப் பக்கம் தேயிலை ஸ்டோர்னு சொல்ற ஆலையில கொழுந்து அரைக்கிறவன். ஊருக்கெல்லாம் தூள் அரைச்சுக் குடுக்கிறவன் வீட்டுலயே தேத்தண்ணிக்குத் தடை. நாங்க வரிசையாக் குடியிருக்கிற லயமே சிரிச்சுச்சு. எனக்குத்தான் சிரிப்பு வரல.

அன்னைக்குக் காலையில கிளினிக்குல நடந்தது அப்படி. எம் பொஞ்சாதி பூரணிக்கு அது ஏழாம் மாசம். மிட்வைப் மிஸ்ஸி ரத்தம் பாத்துட்டு முகத்தைச் சுளிச்சாங்க.

"ரத்தம் ஏறவே இல்லையே பூரணி. இரும்புச்சத்துக் குளிசை போடுறியா, இல்லையா?"

"தவறாமப் போடுறேன் மிஸ்ஸி. சோறு தின்ன கையோட, சுடச்சுடத் தேத்தண்ணி ஊத்தி முழுங்கிருவேன்."

மிஸ்ஸி தலையில கைய வச்சிட்டாங்க. "நல்லா இருக்கே! தேத்தண்ணியோட போட்டா சத்து எப்படி ஒடம்புல சேரும்? சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னாலயும் பின்னாலயும் அதைத் தள்ளி வை. கீரை, முட்டை, நெத்தலி, கௌபிப் பயறு எல்லாம் சாப்பிடு. அடுத்த கிளினிக்குலயும் இப்படியே இருந்தா நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். பேறு நேரத்துல ரத்தம் போனா ஒடம்பு தாங்காது. பிள்ளையும் நிறை கொறஞ்சு பொறக்கும்."

எங்க அக்கா மூத்தவனப் பெத்தப்ப ரத்தம் போயி, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நாங்க அழுதது ஞாபகம் வந்திருச்சு. பயந்துட்டேங்க. மெய்யாவே பயந்துட்டேன்.

அதனாலதான் சட்டம். தூள் டின்னை எடுத்துக்கிட்டுப் போயி, பின்னால விறகடுக்குக்குள்ள ஒளிச்சு வச்சேன். எங்களுக்கும் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்காவுக்கும் பொதுவான விறகடுக்கு அது. எவனுக்கும் தோணாத இடம்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பூரணி உக்காந்தா, எதிர்ல நானும் உக்காந்திருவேன்.

"நல்லா மெல்லு."

"மெல்லுறேங்க."

"கீரைய ஏன் ஒதுக்குற?"

"ஒதுக்கலைங்க. கடைசியில திங்கலாம்னு..."

"முழுங்கிட்டியா? எங்க, வாயத் தொற பாப்போம்."

அவ எந்திரிச்சு ஓடிப்போயி அம்புட்டையும் வாந்தி எடுத்துட்டா. எனக்கு ஒண்ணும் விளங்கல. மறுநாள் இன்னும் கிட்டப் போயி உக்காந்தேன். இன்னும் சீக்கிரமா வாந்தி எடுத்தா.

இதுக்கு நடுவுல எம் பாடு வேற. நாள் பூரா மூக்குல தேயிலை வாசம், தொண்டையில ஒரு சொட்டு இல்ல. தலை வெடிச்சுது. அப்பத்தான் நாகலெட்சுமி அக்கா செவுத்தோரமா நின்னு மெதுவாக் கூப்பிட்டாங்க.

"தம்பி, பூரணி சோறு திங்கிற நேரந்தான் நான் தேத்தண்ணி ஊத்துவேன். வாறதுன்னா வா."

தெய்வம் மாதிரி தெரிஞ்சாங்க. லயத்துக்கெல்லாம் பொதுவா மலைத்தண்ணி வந்து விழுற பீலி ஒண்ணு இருக்கு. நான் உள்ள திரும்பிப் பாத்து, "பூரணி, பீலியில தண்ணி வருதான்னு பாத்துட்டு வாறேன்"ன்னேன்.

"அவசரமில்ல, ஆறுதலா வாங்க"ன்னா.

அதுக்கப்புறம் தினமும் பீலிதான். அக்கா ஊத்துற தேத்தண்ணியும் சும்மா இல்லீங்க, அப்படியே எங்க வீட்டுத் தேத்தண்ணி ருசி. ஒரு நாள் மட்டும் பூரணி, "பீலிக்குப் போறீங்க, வாளியை விட்டுட்டுப் போறீங்களே?"ன்னா. வாளியத் தூக்கிக்கிட்டுப் போயி, மடியில வச்சுக்கிட்டே தேத்தண்ணி குடிச்சேன்.

திரும்பி வந்து பாத்தா சோத்துப் பீங்கான் பளபளன்னு இருக்கும். ஒரு பருக்கை இல்ல. அவ பக்கத்துல எங்க நாய் மணி நாக்கைச் சொழட்டிக்கிட்டு நிக்கும். அம்புட்டும் நாயிக்குத்தான் போகுதுன்னு நெனச்சேன். விறகடுக்குல பாத்தா, டின்னுல தூள் பாதி இல்ல! அன்னைக்கே கேட்டுட்டேன்.

"ஏய் பூரணி, ஒளிச்சு ஒளிச்சுத் தேத்தண்ணி குடிக்கிறியா?"

"டின்னு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே. எங்கங்க வச்சீங்க?"

சொல்ல முடியுமா? சொன்னா எடுத்துருவா. சொல்லாட்டி எப்படி விசாரிக்கிறது?

"சரி, கீரை, நெத்தலியெல்லாம் எங்க போகுது?"

"வயித்துக்குள்ளதான்."

"யாரு வயித்துக்குள்ள?"

"சந்தேகமா இருந்தா மணிகிட்டயே கேளுங்க."

கேட்டேங்க. அது வாலை ஆட்டுச்சு. ஆமாங்குதா, இல்லைங்குதா, அதுவும் விளங்கல.

அடுத்த கிளினிக் நாள் வந்துச்சு. சாப்பாடு நாயிக்கு, தேத்தண்ணி இவளுக்கு, ஆஸ்பத்திரி நிச்சயம்னு முடிவு பண்ணிட்டேன். துவாய், சவுக்காரம், மாத்துத் துணியெல்லாம் பையில போட்டுத் தூக்கிக்கிட்டுப் போனேன். மிஸ்ஸி ரத்தம் பாத்தாங்க. திரும்பவும் பாத்தாங்க.

"அடேயப்பா, நல்லா ஏறியிருக்கே! பிள்ளையும் நல்லா வளந்திருக்கு. நான் சொன்ன மாதிரியே செஞ்சியா?"

"ஆமா மிஸ்ஸி. ரெண்டையும் தள்ளி வச்சேன்"ன்னா பூரணி.

ரெண்டு பேரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. சந்தோசந்தான். ஆனா ஒண்ணும் விளங்கல. தள்ளி வைக்கச் சொன்னது ஒண்ணுதானே? ரெண்டாவது என்னா?

வீட்டுக்கு வந்து பையை இறக்கல, அதுக்குள்ள நாகலெட்சுமி அக்கா வாசல்ல வந்து நின்னாங்க. கையில எங்க வீட்டு டின்னு.

"பூரணி, நீ விறகடுக்குலேருந்து எடுத்து ஊத்தச் சொன்ன தூளு முடிஞ்சிருச்சு. நாளைக்குத் தம்பிக்கு எதுல ஊத்துறது?"

அப்ப அந்தத் தூளைப் பூராக் குடிச்சவன்... நானா?

"ஏன்டி, அப்ப என்னை வேணும்னேதான் வெளிய அனுப்புனியா?"

"பின்ன? வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா யாருக்குங்க சோறு எறங்கும்? நீங்க அந்தப் பக்கம் போனப்புறந்தான் நான் நிம்மதியாத் தின்னுட்டு, குளிசையும் போட்டேன். மணிக்கு வெறும் நெத்தலித் தலை மட்டுந்தான்."

"அது சரி, மிஸ்ஸிகிட்ட ரெண்டையும் தள்ளி வச்சேன்னியே. ஒண்ணு தேத்தண்ணி. மத்தது என்னா?"

பூரணி சோத்துச் சட்டியை இறக்கி வச்சா. வாளியை எடுத்து எங் கையில குடுத்தா.

"பீலியில தண்ணி வருதான்னு பாத்துட்டு வாங்க. நான் சாப்பிடணும்."