பூட்டை அழுத்திப் பிடிக்கவும்

மணி பத்து நாற்பத்தேழு. பதினொன்றுக்கு ஆய்வு அதிகாரி வருவார்.

மருந்துக் கிடங்கின் குளிர் அறைக்குள், தடுப்பூசிப் பெட்டிகளுக்கு மேல், தீப்பெட்டி அளவு வைஃபை போர்டு ஒன்றை ஸ்டோர்கீப்பர் ஒட்டியிருந்தார். உள்ளே எத்தனை டிகிரி என்று அது கைப்பேசிக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் மருந்து கெட்டபோது எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி கடிதம் வராது. வேலைதான் போகும்.

அதற்கான புரோகிராமை லேப்டாப்பிலிருந்து ஏற்ற, கேபிள் கதவுக்கு அடியில் நுழைந்து வெளியே மேசைக்கு வந்தது. லேப்டாப்பில் போர்டு தெரியவில்லை.

“சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளா இருக்கும் மாமா. மாத்துங்க” என்றான் மச்சினன், போனில். அவன் செல்போன் பழுது பார்ப்பவன்.

உள்ளே போய் மாற்றிவிட்டு வந்தார். தெரியவில்லை.

“அப்ப டிரைவர் இறக்கணும்.”

“எந்த டிரைவர்டா? யாரை இறக்கணும்?”

“சாஃப்ட்வேர் மாமா. டவுன்லோட்.”

நெட் கிடைப்பது முன் அலுவலகத்தில்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பியபோது கதவு லேசாகத் திறந்திருந்தது. ஐயோ, மருந்து! ஓங்கிச் சாத்தினார். மேசையில் யாரோ பழுப்பு நிறக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன்மேலேயே லேப்டாப்பை வைத்துக் கேபிளைச் செருகினார்.

“போர்டு தெரியுது மாப்ள! ஆனா வெறும் புள்ளி புள்ளியா ஓடுது.”

“பூட்ட அழுத்திப் பிடிங்க. சதவீதம் ஓடுற வரைக்கும் விடாதீங்க. விட்டா மறுபடி முதல்லேருந்துதான்.”

கதவைப் பார்த்தார். கேபிள் இடறியதால் பூட்டு சரியாக விழவில்லை. அதுதான் கோளாறு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பூட்டை அழுத்தினார்.

உள்ளிருந்து மூன்று தட்டு.

“மாப்ள, உள்ள தட்டுது.”

“ஃபேன் எதுலயாவது இடிக்கும். லைட் துடிக்குதா?”

“கதவே துடிக்குது!”

“விடாதீங்க.”

இப்போது தட்டவில்லை, குத்தியது.

“போர்டு வெடிக்குமாடா?”

“மூணு வோல்ட் மாமா அது. கொசுகூட சாகாது.”

கதவைப் பார்த்துக் கத்தினார்: “பூட்ட அழுத்திப் பிடிச்சாத்தான் வேலை முடியும்! முடிஞ்சாத்தான் கதவு திறக்கும்!”

யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

குத்து நின்றது. புள்ளிகளும் நின்றன. பத்து சதவீதம். நாற்பது. நூறு. கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. நான்கு டிகிரி.

கையை எடுத்தார். உள்ளங்கைகளில் பூட்டின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

“முடிஞ்சுது மாப்ள! கை செத்துப்போச்சு. என்னா இறுக்கம் அந்தப் பூட்டு!”

“இறுக்கமா? பட்டாணி அளவுகூட இருக்காதே.”

“எது?”

“பூட் பட்டன் மாமா. போர்டு ஓரத்துல இங்கிலீஷ்ல எழுதியிருக்கும்ல?”

“போர்டு உள்ளதானே இருக்கு?”

லேப்டாப்புக்கு அடியில் கோப்பின் ஓரம் தெரிந்தது. ‘ஆய்வு’ என்ற முதல் சொல் மட்டும்.

“அப்ப உள்ள அழுத்துனது யாரு மாமா?”