பிளக் அண்ணையும் பதினொரு நிமிடப் பெட்டியும்

எங்கள் தீவில் பழுதான சாமான்கள் இரண்டே வகைதான். பிளக் அண்ணை இன்னும் கழட்டிப் பார்க்காதவை ஒன்று, கழட்டிப் பார்த்துவிட்டவை மற்றது. இதை நான் சொல்லவில்லை. அவரைக் கட்டிய றீற்றா அக்காவே ஊர்காவற்றுறைச் சந்தையில் நின்று ஊரறியச் சொன்னது.

அவருடைய தொழில் படகு எஞ்சின் திருத்துவது. அதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. கரம்பொன்னிலோ சுருவிலிலோ எந்தக் கரையில் எஞ்சின் இருமினாலும் அவருக்குத்தான் ஆள் போகும். சைக்கிளில் வந்து இறங்குவார். ஸ்க்ரூட்ரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். பிறகு, "பிளக்கைக் கழட்டும், பாப்பம்" என்பார். வருத்தம் எதுவானாலும் முதல் வைத்தியம் அதுதான். அப்படியே பெயரும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் கோயில் ஞானஸ்நானப் பதிவில் இருந்திருக்கும், நான் போய்ப் பார்க்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், உலகத்தில் உள்ளதெல்லாம் படகு எஞ்சின்தான் என்று மனிதர் நம்பினார். தையல் மெசின், கோயில் ஒலிபெருக்கி, அரிசி அரைக்கிற ஆலை, எதையும் விடமாட்டார். திருத்தி முடிந்ததும் நாலைந்து திருகாணிகள் கட்டாயம் மிஞ்சும். "அண்ணை, இது எங்கத்தையான்?" என்று கேட்டால் முகத்தில் ஒரு சலனமும் இராது. "கொம்பனிக்காரன் பயத்தில கூடப் பூட்டினது. ஓடுதுதானே?" என்பார். மிஞ்சியவற்றை ஒரு பால்மா ரின்னில் போட்டுவைப்பார். அந்த ரின் நிரம்பி, இரண்டாவது ரின்னும் கழுத்தளவு வந்திருந்தது.

எங்கள் மீனவர் சங்கத் தலைவருக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது பார்க்கப் போன பிளக் அண்ணை, அவர் நெஞ்சிலும் ஸ்க்ரூட்ரைவரை ஊன்றிக் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. தலைவர் அதை மறுத்ததில்லை. அந்தக் கதை வந்தால் சேட்டுப் பொத்தானைத் தடவுவார், அவ்வளவுதான்.

அந்தச் சங்கத்தில்தான் நான் தட்டெழுத்தாளராக இருந்தேன். வெடிச்சத்தம் ஓய்ந்து, போன சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். வந்தவர்களுக்குக் கடல் இருந்தது, படகு இல்லை. படகு இருந்தவர்களுக்கு எஞ்சின் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகம் எஞ்சின் தர முன்வந்தது. யார் யார் எதை இழந்தார்கள் என்ற பட்டியல் வேண்டும், வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் அச்சடித்துக் கையில் தரவேண்டும், பிந்தினால் எங்கள் கரையை விட்டுவிட்டு அடுத்த கரைக்குப் போய்விடுவோம் என்று கடிதம் போட்டார்கள்.

பட்டியல் தயாராகத்தான் இருந்தது. வீடு வீடாகப் படலையைத் தட்டி மூன்று மாதம் அலைந்து எழுதியது நான். கையால் எழுதிய படிவங்கள் மாரியில் கூரை ஒழுகி, மை கரைந்து, கடற்படம்போல ஆகிவிட்டன. நல்லகாலம், அதற்கு முன்னமே எல்லாவற்றையும் மடிக்கணினியில் அடித்துவிட்டேன். நல்லகாலம் என்று சொன்னேன் பாருங்கள், என் வாயைக் கழுவவேண்டும்.

அந்த மடிக்கணினி வெளிநாட்டில் யாரோ பாவித்துக் களைத்து, இனி ஏலாது என்ற பிறகு எங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பியது. பற்றரி எப்போதோ செத்துவிட்டது. ஜெனரேற்றர் ஓடும்வரைதான் அதற்கும் உயிர். மூடியை ஒரு சரிவில் பிடித்தால்தான் திரை வெளிச்சம் தரும், ஆகவே தூண்டில் கட்டுகிற தங்கூசி நூலால் யன்னல் கம்பியோடு கட்டிவைத்திருந்தேன். பிளொப்பி போடுகிற வாய் அடைத்துப்போய்க் கிடந்தது. 'க' எழுத்தின் விசை கழன்று விழுந்துவிட்டதால் ஈர்க்கால் குத்தித்தான் அடிப்பேன். கடல், கரை, கட்டுமரம், கண்டல் என்று எங்கள் சனத்துக்குக் 'க' இல்லாமல் ஒரு வசனம் வராது. குத்திக் குத்தி விரல் நொந்துபோகும்.

இதெல்லாம் பரவாயில்லை. அந்தக் கிழமை தொடக்கம் அது சரியாகப் பதினொரு நிமிடம் ஓடிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அந்தப் பதினொன்றில் விழித்தெழ எட்டு நிமிடம். பட்டியலைத் திறக்க இரண்டு நிமிடம். மிச்சம் ஒரு நிமிடத்தில் நான் பாய்ந்து விழுந்து இரண்டு குடும்பத்தைக் கொப்பியில் எழுதுவேன். டக்கென்று இருட்டு. பிறகு ஆற விட்டு, மறுபடி எட்டு நிமிடம். அந்தக் கணக்கில் எழுதி முடிக்க அடுத்த பெருநாள் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை தலைவரும் நானும் அதைக் குழந்தையைப்போலத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம். கணினி திருத்துகிற கடைத் தம்பி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுப் பாப்பம். ரெண்டு கிழமை செல்லும்" என்றார். அழிக்கிறதாம்! நான் பெட்டியைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். தலைவர் குடையை விட்டுவிட்டு என் பின்னால் ஓடிவந்தார்.

திரும்பி வந்து இறங்கினால், துறைமுகத்தடியில் பிளக் அண்ணை.

"என்ன பிள்ளை, பெட்டி நிக்குதாமே?"

"ஓம் அண்ணை. உங்கட தொழில் இல்லை இது."

"எத்தினை நிமிசம் ஓடுது?"

"பதினொண்டு."

"சூடேறுதோ?"

"தோசை சுடலாம்."

"தண்ணி துப்புதோ?"

"அண்ணை! இது கொம்பியூட்டர்!"

"அதுதான் கேக்கிறன். எஞ்சின் தண்ணி துப்பேல்லை எண்டாச் சூடேறி நிக்கும். இதுக்குக் குளிர்ச்சி எதாலை?"

"உள்ளுக்கை ஒரு காத்தாடி இருக்கு" என்று நான் எரிச்சலோடு சொன்னேன்.

சங்கத்துக் கதிரையில் என்னைக் கேளாமலே வந்து அமர்ந்தார். பெட்டியை ஓடவிட்டார். ஸ்க்ரூட்ரைவரை ஊன்றினார், காதில் வைத்தார், கண்ணை மூடினார். தலைவர் மூச்சு விடவில்லை.

"காத்தாடி ஒழுங்காச் சுத்தேல்லை. உள்ள ஆரோ இருக்கினம்."

கழட்டினார். நான் ஒவ்வொரு திருகாணியையும் எண்ணி ஒரு சிரட்டையில் போட்டேன், அந்த ரின்னுக்குப் போகவிடமாட்டேன் என்று. அடிப்பக்கம் திறந்ததும் எறும்புகள் ஊர்வலமாக வந்தன. காற்றாடிக்குள்ளே, இறக்கைகளுக்கு நடுவில், ஒரு காய்ந்த நெத்தலி! எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால்தான் கருவாடு காயப்போடுவார்கள். எறும்புகள் மாரிக்கென்று கொண்டுபோய்ச் சேமித்திருக்கின்றன. பிளக் அண்ணை அதை வாலில் பிடித்துத் தூக்கினார்.

"பாரும் பிள்ளை. கொம்பனிக்காரன் இதையும் கூடப் பூட்டிப்போட்டான்."

நான் சிரித்துவிட்டேன். அழுகிற நேரத்தில் சிரிக்கவைத்தால் எனக்குக் கோபம்தான் வரும், ஆனாலும் சிரித்துவிட்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. காற்றாடியைத் தடவி விரலை நக்கிப் பார்த்தார். "உப்பு" என்றார். "நல்ல தண்ணியில கழுவோணும்."

வெளியூர் ஆட்களுக்கு இது பைத்தியமாகத் தெரியும். எங்கள் கரையில் கடலால் வந்த எஞ்சினைச் சும்மா வைக்கமாட்டார்கள். பீப்பாவில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதற்குள் இறக்கி, கொஞ்சநேரம் ஓடவிட்டு உப்பைக் கழுவித்தான் வைப்பார்கள். பிறந்ததில் இருந்து பார்த்த காட்சி அது. ஆகவே தலைவர் "ஓம், கழுவத்தான் வேணும்" என்றார். அதைவிட வெட்கம், படித்தவள் என்று பெயரெடுத்த நானும் தலையாட்டினேன்.

அவர் வீட்டு முற்றத்தில் அது நடந்தது. காற்றாடியை ஒரு பழைய பற்றரியில் தொடுத்து, சுற்றவிட்டு, அப்படியே வாளிக்குள் இறக்கினார். றீற்றா அக்கா குசினியில் இருந்து பாய்ந்து வந்தார்.

"இஞ்சாருங்கோ! பவுசர் லொறியில வந்த குடிதண்ணியிலயோ? நான் தலை முழுகக் கேக்க இல்லையெண்டிட்டு, மெசினுக்கு முழுக்கோ?"

"உம்மட தலை சூடேறி நிக்கேல்லையே" என்றார் அண்ணை.

வாளிக்குள் காற்றாடி அழகாகச் சுற்றியது. பிறகு மெதுவாகச் சுற்றியது. பிறகு ஒரு குமிழ் விட்டது. அதுதான் அது விட்ட கடைசி மூச்சு.

இரண்டு நாள் வெயிலில் காயவைத்தும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஜெனரேற்றரைப் போட்டோம். முன்னர் நெத்தலியோடு என்றாலும் காற்றாடி கொஞ்சம் முனகியாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. விழித்தெழ எட்டு நிமிடம் வேண்டிய பெட்டி நாலாவது நிமிடத்தில் செத்தது. மறுபடி போட்டோம். மறுபடி நாலு.

எனக்கு வந்ததே கோபம்! "உங்களை ஆர் கூப்பிட்டது? நீங்கள் உங்கட எஞ்சினோட இருந்திருக்கலாமே! எத்தினை சனம் இந்தப் பட்டியலை நம்பிக்கொண்டு கரையில குந்திக்கொண்டு இருக்குது தெரியுமோ? அதுகளின்ர வாயில மண்ணைப் போட்டிட்டீங்கள்!" என்று கத்தினேன். கத்தி முடிய அழுகை வந்துவிட்டது. தலைவர் என்னைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

பிளக் அண்ணை எழும்பினார். சாமான்களை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அரைமணியில் வந்தார். கரியரில் மீன் ஏற்றுகிற பெரிய ஐஸ் பெட்டி. நிறைய ஐஸ். பாரை மீன் வாசம் கூடவே வந்தது.

"எஞ்சினுக்குக் கடல் இருக்கு. இதுக்குக் கடல் இல்லை. அதுதான் பிழை" என்றார்.

ஐஸின் மேல் றீற்றா அக்காவின் பெரிய அலுமினியத் தட்டத்தைக் கவிழ்த்தார். அடிமூடி கழன்ற பெட்டியை அதன்மேல் வைத்தார். தட்டத்தில் வேர்க்கிற ஈரம் உள்ளே போகாமல் இருக்கத் துவாயோடு பக்கத்தில் குந்தினார். "இப்ப போடும்."

நாலு நிமிடம். ஐந்து. எட்டாவது நிமிடம் திரை விழித்தது. பதினொன்று தாண்டியது. தலைவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பட்டியலைத் திறந்து அச்சு இயந்திரத்துக்கு விட்டேன். அதுவும் கிழடுதான். ஒவ்வொரு வரியையும் கிறீச் கிறீச் என்று நெரித்துத்தான் துப்பியது.

மீன் வாசத்துக்கு முதலில் ஒரு பூனை வந்தது. பிறகு மூன்று. பிறகு எண்ணவில்லை. தலைவர் ஒரு விளக்குமாற்றோடு வாசலில் நின்று, "சூ! சூ! அரசாங்க அலுவல் நடக்குது!" என்று கலைத்துக்கொண்டு நின்றார். நான் கடதாசியைப் பிடித்தேன். பிளக் அண்ணை மட்டும் தலை நிமிரவில்லை. ஒரு துளி வேர்க்கும், துடைப்பார். மறுதுளி வேர்க்கும், துடைப்பார். கை விறைத்து நீலம் பாரித்துவிட்டது. "அண்ணை, கொஞ்சம் நான் பிடிக்கட்டே?" என்றேன். "பேசாமல் உம்மட வேலையைப் பாரும்" என்றார். ஏச்சு வாங்கியவர் ஏசத்தானே வேண்டும். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

கடைசித் தாள் வந்து விழுந்தது. நான் அதைக் கிழித்து எடுத்ததும் பெட்டி ஒருமுறை விக்கியது. திரை கறுத்தது. அதன் பிறகு அது எழும்பவே இல்லை.

பன்னிரண்டரை பஸ்ஸில் ஓடி ஏறினேன். அலுவலகத்து ஐயா பட்டியலை வாங்கி, மூக்கைச் சுருக்கி, ஒரு தரம் மணந்து பார்த்தார். "மீனவர் சங்கமோ?" என்றார். ஓம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் முத்திரை குத்தினார். நேரம் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அடுத்த கச்சான் காற்றுக்கு முன் எஞ்சின்கள் வந்தன. துறைமுகத்தில் வரிசையாகப் பெட்டியோடு இறக்கினார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் எஞ்சினைத் தடவித் தடவி நின்றார்கள். பிளக் அண்ணையும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார், கழட்ட வழியில்லாமல் கை துருதுருக்க. முதல் படகு புறப்பட்டு ஒரே சுருதியில் வழுக்கிக்கொண்டு போனது. அவர் பழக்கத்தில் காதைச் சரித்துக் கேட்டார். ஒரு இருமல்கூட இல்லை.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. கரை முழுக்கப் புது எஞ்சின். இனி வருடக்கணக்கில் இந்த மனிதரை யார் கூப்பிடப் போகிறார்கள்?

"அண்ணை, புது எஞ்சின் வந்தா உங்களுக்கு வேலையில்லை எண்டு முன்னமே யோசிக்கேல்லையோ?"

"யோசிச்சனான்."

"பிறகேன் அண்டைக்கு அந்தப் பாடுபட்டனீங்கள்?"

உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். படகு போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். "எஞ்சின் பழுதானவனுக்கு நான் பிளக்கைக் கழட்டிப் பாக்கலாம் பிள்ளை. எஞ்சினே இல்லாதவனுக்கு என்னத்தைக் கழட்டுறது?"

அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் அதற்குள், "அவசரமில்லை. எல்லாம் பழசாகும்தானே" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்த மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.

இன்று என் மேசையில் புதுக் கணினி இருக்கிறது. தொட்டதும் விழிக்கிறது, சூடேறுவதில்லை, நிற்பதுமில்லை. சில நாட்களில் அது ஒருக்கால் பழுதானால் நல்லது என்று இருக்கும் எனக்கு. அந்த மனுசனைக் கூப்பிட ஒரு சாட்டு வேண்டாமா?