பட்டாபிஷேகத்தைக் கறுக்க அடித்த கதை

வேலை கிடைப்பதற்கு முன்பே அரண்மனை உத்தியோகஸ்தர் கட்டும் ஜரிகைப் பேட்டா வாங்கி வைத்தவன் உருப்பட்டதாக மைசூரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் வாங்கி வைத்தேன். தலையில் கட்டிக்கொண்டு அக்ரஹாரத்தை ஒரு சுற்றுச் சுற்றியும் வந்தேன்.

மகாராஜா காலம். பழைய சித்திரங்களில் இருப்பது என்ன வர்ணம், என்ன செய்தால் பிழைக்கும் என்று சோதித்துச் சொல்ல ஒரு ரசாயனக்காரன் வேண்டும் என்றார் சித்திரசாலை அதிகாரி. ரசாயனத்தில் முதல் வகுப்பில் தேறியிருந்த நான் மனுப் போட்டேன். ("படத்துக்கு வைத்தியமா?" என்று அப்பா ஒரு வாரம் சிரித்தார்.) பரீட்சையாகத் தம் வீட்டு ராம பட்டாபிஷேகப் படத்தையே கொடுத்தார். கொடுத்தார் என்றால், காட்டினார். பூஜையில் இருக்கும் படம் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. ஆகவே நான் குளித்து, மடி உடுத்தி, குடுவைகளோடு பூஜை அறைக்குள் போனேன்.

ஓரத்தில் உதிர்ந்திருந்த வெள்ளை வர்ணத்தில் அரைக் கடுகளவு எடுத்தேன். அது காற்றில் பறந்தால் உத்தியோகமும் பறக்குமே என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். அங்கேதான் சனி பிடித்தது. வெள்ளையில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க, அதை அமிலத்தில் கரைத்து ஒரு கந்தக வாயுவைச் செலுத்த வேண்டும். ஈயம் இருந்தால் கறுக்கும். செலுத்தினேன். கறுத்தது! வெகு நேரம் குடுவையையே ரசித்துவிட்டு நிமிர்ந்தால், படமும் கறுத்திருந்தது. சீதை, லக்ஷ்மணன், பரதன், சத்ருக்னன் எல்லோரும் ராமர் நிறம்.

அடைத்த அறையில் அந்த வாயு படத்தில் இருக்கும் ஈயத்தையும் விட்டுவைக்காது என்று இந்த முதல் வகுப்பு மேதைக்குத் தோன்றவேயில்லை.

"ஏன்னா! பெருமாள் உள்ளுல அழுகின முட்டை நாத்தம்!" என்று அதிகாரியின் மனைவி வெளியே அலறினார். (முட்டையையே பார்த்திராத மாமிக்கு அந்த நாற்றம் எப்படித் தெரிந்தது என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.)

கதவைத் திறந்தேன். அதிகாரி படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், காதுக்கு விடற பெராக்ஸைடு இருக்கா? தடவினா வெளுத்துடும்" என்றேன்.

அவர் காதுக்கென்று ஒரு சின்னப் புட்டி இருந்தது. பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒற்றினேன். சீதை வெளுத்தாள். லக்ஷ்மணன், சத்ருக்னன் வெளுத்தார்கள். பரதனிடம் வந்தபோது புட்டி காலி.

"இன்னொரு புட்டி வாங்கிண்டு ஓடி வரேன் சார்!"

"பேடப்பா, பேட! வேண்டாம், போறும்" என்று தடுத்த மாமி, படத்தின் அருகே போய் உற்றுப் பார்த்தார். "ஏன்னா, தினம் ராமாயணம் பாராயணம் பண்றேளே, பரதனும் ராமன் நிறம்தானே? வெள்ளையாப் போட்டவன்தான் தப்புப் பண்ணிருக்கான். இந்தப் பிள்ளையாண்டான் சரி பண்ணிட்டான்."

எல்லாம் தெரிந்தே விட்டவன் போல அடக்கமாகத் தலையாட்டினேன். வெட்கம் கெட்டவன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "திங்கக்கிழமை வந்து சேரு. ஆனா ஜன்னலைத் திறந்து வெச்சுண்டு வேலை பண்ணு."

ஓய்வு பெறும்வரை அந்த உத்தியோகத்தில்தான் இருந்தேன். இன்றும் எங்கள் வீட்டில் தோசை கருகினால் யாரும் தூக்கிப் போடுவதில்லை. "பரதன் வந்துட்டான்" என்று என் தட்டில் போட்டுவிடுகிறார்கள்.