களியும் கீரையும் ஒரு மணி நேர நடையும்

நடக்க ஆரம்பித்த பதினைந்தாம் நாள், கருப்பண்ணன் இரண்டு கிலோ கூடியிருந்தார்.

லாரி மேல் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எட்டு மாதம் கட்டிலில் கிடந்த மனுஷன். போன மாதம் நாமக்கல் டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, "எலும்பு கூடிருச்சு. அடுத்த மாசம் வாங்க, வண்டி ஓட்ட லெட்டர் தர்றேன்" என்றார். கூட வந்த தோஷத்துக்கு மனைவி ராசாத்திக்கும் பிரஷர் பார்த்தார். பிறகு கருப்பண்ணனைப் பார்த்து, "அரிசியைக் குறைக்கணும். களி, கீரை. காலையில ஒரு மணி நேரம் மரஞ்செடி பார்த்துக் காத்தாட நடக்கணும்" என்றார்.

எடை இறங்கினால்தான் லெட்டர் என்று கருப்பண்ணனுக்குப் பட்டது; தலையாட்டினார். ஆடிப் பதினெட்டுக்குள் லெட்டர் வராவிட்டால் வண்டி வேறு ஆளுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருஷம் பிடித்த ஸ்டீரிங்.

"நானும் கூட வாரட்டுங்களா?" என்று முதல் நாளே ராசாத்தி கேட்டாள்.

"நீயும் வந்துட்டா களி யாரு புள்ள கிண்டறது?"

கூட்டிப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மோகனூர் வாய்க்கால் கரையில், படுத்து எழுந்தவனை வெறும் வாயோடு விடமாட்டார்கள். முதல் வீட்டு ஆராயி பணியாரத் தட்டோடு மறித்தாள்.

"வேண்டாங்கத்தை, டாக்டரு..."

"டாக்டரா உன்னயத் தூக்கி வளத்துனான்? தின்னு சாமி. எங்கூட்டுது எறங்காதா?"

இறங்கியது. கரை முடிவதற்குள் இன்னும் பத்து வீடு இருந்தது.

மறுநாள் ராசாத்தியை நாலரைக்கே எழுப்பிக் களி கிண்டச் சொன்னார். வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போனால், 'சாப்பிட்டாச்சு' என்று சத்தியமாகவே சொல்லலாம். சொன்னார். "களிக்கு மேல பணியாரந்தான் செரிமானம்" என்றாள் ஆராயி.

பாதையை மாற்றிக் கரும்புக் காட்டுக்குள் நடந்தார். அங்கே ரங்கன் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"முறிஞ்ச எலும்புக்குச் சுடுபாகு பசையாட்டம் புடிக்கும், மச்சான். ஒரு சொம்பு போதும்."

அன்றைக்குக் கருப்பண்ணன் வீடு திரும்பியபோது, காட்டிலிருந்து வாசல் வரை எறும்புகள் அவர் பின்னால் வரிசையாக வந்தன.

அதற்கப்புறம்தான் வீட்டுப் பசுமாட்டைத் தன்னோடு ஓட்டிப் போகும் யோசனை வந்தது. கொடுப்பதை வாங்கி மாட்டுக்குப் போட்டார். பத்தே நாளில் மாடு பட்டி வாசலுக்குள் நுழையாத அளவுக்குப் பெருத்தது. வேளைக்கு இரண்டு லிட்டர் கூடுதலாகக் கறந்தது. அத்தனையும் ராசாத்தி உட்கார்ந்து கறந்து, உட்கார்ந்து கடைந்து, நெய்யாக்கி அவர் கீரையில் ஊற்றினாள். ஆராயியின் பணியாரம் சுற்றுவழியாக அவரிடமே வந்து சேர்ந்தது.

"மாட்டையாச்சும் கூட்டிட்டுப் போறீங்க" என்றாள் ராசாத்தி, தன் கால்களை நீவிக்கொண்டே.

அவர் நெய்யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி போகும் நாளும் வந்தது. ராசாத்தியும் கூட வந்தாள். எடை மிஷினில் ஏறினார். நாலு கிலோ அதிகம். கருப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர்கிட்ட நீதாம்மா சொல்லோணும்" என்றார் நர்ஸ் சத்யபிரியாவிடம். "ஒரு நாள் தவறாம நடந்தேன். எட்டு மாசம் படுத்தே கெடந்த பாவம், எடை எறங்க மாட்டீங்குது. வண்டி போச்சுன்னா நானும் போயிருவனம்மா."

அவள் மேசையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். "லெட்டர் காலையிலயே ரெடிங்கண்ணா. எலும்பு நல்லாருக்குது, வண்டி ஓட்டலாம்."

"அப்ப எடை?"

சத்யபிரியா ராசாத்தியின் வீங்கிய கால்களைப் பார்த்தாள்.

"டாக்டர் எந்தப் பொம்பளைக்குச் சொன்னாலும் அவ ஊட்டுக்காரரப் பாத்துத்தானுங்கண்ணா சொல்லுவாரு. அந்தக் களியும் கீரையும் நடையும், எட்டு மாசமா உங்க கட்டிலோரத்துலயே உக்காந்து கெடந்த அக்காளுக்குங்க."