சோதனைக் காரில ஏறின ராணியக்கா

போன கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். கட்டார் லைசென்ஸைக் குடுத்து சுவிஸ் லைசென்ஸ் எடுக்கிறது.

அதுக்கு ஒருக்கா கார் ஓடிக் காட்டவேணும். சோதனைக்காரர் பக்கத்தில இருப்பார். ரெண்டாந்தரம் விடமாட்டினம். பிழை விட்டால் கட்டார் லைசென்ஸ் இஞ்ச செல்லாது, 'எல்' போட்டு ஓடுற பெடியளோட சேர்ந்து முதலில இருந்து தொடங்கவேணும். பார்சல் குடுக்கிற கொம்பனி ஒண்டில எனக்கு வேலை பேசியாச்சு. "லைசென்ஸோட வா" எண்டிட்டினம்.

எனக்கென்ன பயம்? தோஹாவில வான் ஓடின ஆள். அங்கத்தைய ரவுண்டபோட்டுக்குள்ள போய் உயிரோட வந்தவன் உலகத்தில எங்கயும் ஓடுவான் எண்டு மனிசியிட்ட வீரம் கதைச்சன்.

மனிசி சொன்னா, "வீரம் கிடக்கட்டும். ஆக்கள் றோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டடியில ஆர் நிண்டாலும் காரை நிப்பாட்டுங்கோ. இஞ்ச நடக்கிற ஆக்களுக்குத்தான் மரியாதை."

அதை அப்பிடியே மனசில எழுதி வச்சிட்டன்.

சோதனைக்காரர் மெலிஞ்ச மனிசன். சிரிக்கிறது அவருக்கு வேற இலாகா. "இடது", "வலது", அவ்வளவுதான் கதை. நானும் ஊர்ந்து ஊர்ந்து பாடன் ஸ்டேசனடிக்கு வந்திட்டன்.

அங்க ஒரு மஞ்சள் கோடு. ஓரத்தில ஒரு மனிசி, ரெண்டு கையிலயும் மரக்கறிப் பை. அழகா நிப்பாட்டினன். பிறகுதான் முகத்தைப் பாத்தன். ராணியக்கா. கோயில் மடப்பள்ளியில என்ர மனிசியோட சமைக்கிறவ.

ராணியக்கா றோட்டைக் கடக்கேல்லை. என்னைப் பாத்துச் சிரிச்சா. பின் கதவைத் திறந்தா. ஏறி இருந்திட்டா.

"நல்ல காலம் தம்பி, கண்டிட்டு நிப்பாட்டினாய். பஸ்ஸும் போட்டுது."

சோதனைக்காரர் மெதுவாத் திரும்பினார். "இது ஆர்?"

இறங்குங்கோ அக்கா எண்டு சொல்ல வாயைத் திறந்தன். வரேல்லை. காரில ஏறின ஆளை இறக்கிவிட்டவன் எண்டு பேர் வந்தால் எனக்குக் கோயில்ல பொங்கிற புக்கையும் கிடையாது, வீட்டில சோறும் கிடையாது.

"சொந்தக்காரர்" எண்டன். எனக்குத் தெரிஞ்ச ஜெர்மனில அதுதான் கிட்டின சொல்லு.

பின்னுக்குத் திரும்பி, "அக்கா, பெல்ட்டைப் போடுங்கோ. இது லைசென்ஸ் சோதனை."

"அட, முதலே சொல்லியிருக்கலாமே." பெல்ட்டைப் போட்டா. இறங்கேல்லை. "நீ கவனமா ஓடு. நான் கதைக்கமாட்டன்."

என்னோட கதைக்கேல்லைத்தான். அவரோட கதைச்சா. அதுவும் நல்ல ஜெர்மனில. பெடியன் நல்லவன், குடி இல்லை, வேலைக்கு லைசென்ஸ் தேவை, பாத்துச் செய்யுங்கோ.

இந்த நாட்டில அதிகாரியிட்டச் சிபாரிசு பண்ணுறதை விடச் சிவப்பு லைட்டில போயிருக்கலாம்.

"தம்பி, இதில விடு. எங்கட வீடு."

"ஏலாதக்கா, பஸ் நிக்கிற இடம்."

"டக்கெண்டு இறங்கிடுவன்."

"ஏலாதக்கா."

"என்ர வீட்டைத் தாண்டிக் கொண்டு போறாய்!"

சட்டப்படி நிப்பாட்ட இடம் கிடைக்கேக்க ராணியக்காவின்ர வீடு பின்னால எங்கயோ போட்டுது. பைகளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தா. நன்றி ஒண்டும் வரேல்லை.

சோதனைக்காரர் அலுவலகம் வரைக்கும் திரும்பவும் "இடது", "வலது"தான். வேலை போச்சு எண்டு முடிவே கட்டிட்டன். இறங்கேக்கதான் சொன்னார்:

"விதியெல்லாம் சரியாத்தான் பாத்தீங்கள். பாஸ். ஆனால் ஆக்களை ஏத்தி இறக்கிற தொழிலுக்கு வேற சோதனை. அதுக்குத் தனியா விண்ணப்பிக்கவேணும்."

சிரிக்கேல்லை. பகிடியோ, சட்டமோ, இண்டுவரைக்கும் தெரியாது.

வேலை தொடங்கிட்டன். ராணியக்கா, தான் கதைச்சுத்தான் லைசென்ஸ் வந்தது எண்டு கோயில் முழுக்கச் சொல்லித் திரியிறா.

மஞ்சள் கோட்டைக் கண்டால் நான் இப்பவும் ஒழுங்கா நிப்பாட்டுறன். கதவெல்லாத்தையும் பூட்டிப்போட்டு.